துரை இல்லாத மாநாடு

அந்த மாநாடு நடந்த ஐரோப்பிய நகரத்தைப் பற்றி எனக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது. நான் அதில் கலந்துகொண்டது எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பழைய பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்துகொண்டு. ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில் பாதிவழியில் பிரிந்து இறங்கினால் எங்கள் தோட்டம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் அறையைத்தான் எங்கள் பக்கத்தில் பிள்ளைக் காம்பரா என்கிறோம். அதற்குப் புதிய கட்டடம் வந்தபின் பழைய அறை வெறுமையாகக் கிடந்தது. விட்டத்தில் தொட்டில் கட்டிய இரும்புக் கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. இப்போது அவற்றில் கணினிகளுக்கான வயர்களைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

அந்த அறையைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்கியவர் ஓர் அக்கா. எனக்கு உறவினர் அல்லர். அடுத்த லயத்தில், அதாவது எங்களுக்கு அடுத்த தொழிலாளர் வீட்டு வரிசையில், இருப்பவர். பகலில் புதிய பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார், மாலையில் பழையதில் கணினி வகுப்பு நடத்துவார். மாத்தளையில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினிகளை அவர் மகஜர், அதாவது பலர் கையெழுத்திட்ட மனு, எழுதி வாங்கினார். அறையையும் மகஜர் எழுதித்தான் வாங்கினார். அதற்கு முன் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய், ஓடைக்குக் குறுக்கே சிறு பாலம், எல்லாம் அப்படி வந்தவை. தோட்டத்தில் எவருக்கேனும் குறை என்றால் முதலில் அவரிடம் போய், "அக்கா, ஒரு மகஜர் போடணும்" என்பார்கள்.

அந்தக் கணினிகளில் நான்தான் கட்டற்ற மென்பொருளை நிறுவினேன். கணினியைத் திறந்ததும் கண்முன் வரும் திரை, அதன் சாளரங்கள், கோப்புறைகள், பட்டியல்கள் ஆகிய அனைத்தையும் ஆக்கித்தரும் மென்பொருள் அது. பல நாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து ஊதியமின்றி உருவாக்குவது. எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கும் எனக்கு அதனோடு தொடர்பு ஏற்பட்டது மொழிபெயர்ப்பின் வழியாக. நூலகக் கணினிகளில் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கிடந்த பட்டியல்களைப் பார்த்துப் பொறுக்காமல் ஆரம்பித்தேன். அதன்பின் நிறுத்துவதற்குத் தருணம் வாய்க்கவில்லை.

பழைய கணினிகளுக்காக அந்த மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. நிழல்களும் அசைவுகளும் இல்லாமல், வேண்டிய அளவு மட்டும் வேலை செய்யும் திரை. 'எளிய திரை' என்று நான் அதற்குத் தமிழில் பெயர் கொடுத்திருந்தேன். எங்கள் அறையின் கணினிகள் அந்த எளிய திரையில்தான் உயிரோடு இருந்தன. வழக்கமான திரையைத் திறந்தால் சுட்டியை நகர்த்திவிட்டு, அது வந்துசேரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆனி மாத இறுதியில், காற்று தொடங்கிய வாரத்தில், அடுத்த பதிப்பில் எளிய திரையை நீக்கிவிடும் யோசனை இருப்பதாக எல்லோருக்குமான அறிவிப்புப் பக்கத்தில் படித்தேன். அதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பது காரணம். முடிவு ஆண்டு மாநாட்டில் எடுக்கப்படும். பழைய பதிப்பிலேயே இருந்துவிடலாம்தான், கொஞ்சக் காலத்துக்கு. அதன்பிறகு இணைய உலாவி புதுப்பிக்கப்படாது. பிள்ளைகளின் பாடங்கள் இருக்கும் தளங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க மறுக்கும். பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் வராமற்போவார்கள். தோட்ட ஆபீஸில் இருக்கும் கிளாக்கர் ஏற்கெனவே இரண்டு முறை வந்து, உர மூடைகள் நனைகின்றன, ஓடாத பெட்டிகளுக்கு ஒரு காம்பரா எதற்கு என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். எளிய திரை போனால் அறை போகும். அந்த அக்காவிடம் இதைச் சொல்வது எப்படி என்று நான் படிக்கும் கண்டியிலிருந்து வரும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்து, மாத்தளை வருமுன் உறங்கிவிட்டேன். நடத்துனர்தான் எழுப்பினார்.

அக்கா புதிய பிள்ளைக் காம்பராவின் வாசலில் பால் போத்தல்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எடுக்கப் போறாங்கன்னா? யாரு எடுக்கிறது?"

"அத செய்யிறவங்கதான் அக்கா. பாத்துக்க ஆள் இல்லயாம்."

"ஆள் இல்லாட்டி ஆள் போடணும். கங்காணி லீவுல போனா மலைய மூடிப்புடுறாங்களா?"

"அது சம்பள வேல இல்ல அக்கா. எல்லாரும் சும்மா செய்றாங்க."

"சும்மா செய்ற வேலைக்கு மாநாடு வேறயா?" ஒரு போத்தலைக் கவிழ்த்து வைத்தார். "சரி, அதுல யாரு தொர?" தோட்டத்தை நடத்தும் மேலாளரைத்தான் எங்கள் பக்கத்தில் துரை என்போம்.

"தொர இல்ல."

"தொர இல்லாம எப்புடி வேல நடக்கும்? பேர மாத்தி வச்சிருப்பாங்க. தலைவரு, செயலாளருன்னு யாராச்சும் இருப்பாங்க. நீ நல்லா பாரு தங்கச்சி."

நான் நன்றாகப் பார்த்தேன். ஒரு குழு இருந்தது. ஆனால் மண்டபத்துக்கு வாடகை பேசுவது, சட்டக் காரியங்களைப் பார்ப்பது, இவைதான் அதன் வேலை. எந்த வசதி இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதில் அது தலையிடுவதில்லை. ஒரு பகுதியை எவர் செய்கிறாரோ அவர் சொல்வதே அந்தப் பகுதிக்கு முடிவு. செய்பவர் எவரும் இல்லாவிட்டால் அந்தப் பகுதி போய்விடும். இதை நான் விளக்கியபோது அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்ப மகஜர் போடுவோம்" என்றார்.

எனக்கு வாதாடச் சக்தியில்லை. ஆய்வுக்கட்டுரையின் இரண்டாம் இயலை அந்த வாரத்தில்தான் திருப்பித் தந்திருந்தார்கள், ஓரங்கள் முழுவதும் சிவப்பு மையோடு. மகஜருக்கான வாசகத்தை அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். 'மதிப்பிற்குரிய மாநாட்டுத் தலைவர் அவர்கட்கு' என்று தொடங்கி, பிள்ளைகளின் கல்வி, அறையின் நிலை, தோட்டத்தின் தூரம் எல்லாம் வந்தன. கடைசி வரியில் அக்கா தயங்கினார்.

"கீழ பிரதி யாருக்குப் போடுறது?"

"பிரதி வேணாம் அக்கா."

"பிரதி போடாத மகஜர எவன் மதிப்பான்? இன்னொருத்தருக்கும் போயிருக்குன்னு தெரிஞ்சாத்தானே பயம் வரும்."

யாருக்குமே அதிகாரம் இல்லாத இடத்தில் யாருக்குப் பிரதி அனுப்புவது? கடைசியில் 'பிரதி: உலகின் ஏனைய கணினிச் சங்கங்கள்' என்று எழுதினோம். அப்படி ஒன்று இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கையெழுத்துகளைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வாங்கினார்கள். பிள்ளைகள் இல்லாதவர்களும் போட்டார்கள். கூடையை இறக்கிய கையோடு சாயம் படிந்த விரல்களால் எழுதிய பெயர்கள். வயதானவர்களின் பெருவிரல் அடையாளங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தேசிய அடையாள அட்டையின் இலக்கம். எங்கள் பக்கத்தில் மகஜரின் அமைப்பே அப்படித்தான். இலக்கம் இல்லாத கையெழுத்தைக் கையெழுத்தாகக் கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை திரும்பும் பஸ்ஸில் ஆங்கில மொழிபெயர்ப்பை முடித்து, தாள்களைப் படம்பிடித்து, அந்த அறிவிப்புப் பக்கத்தில் சேர்த்தேன்.

விடுதிக்கு வந்து பார்த்தபோது அது அங்கே இல்லை. பொறுப்பில் இருந்த ஒருவர் மறைத்திருந்தார். எனக்குத் தனியாக எழுதிய குறிப்பில் கடுமை எதுவும் இல்லை. பலருடைய அடையாள இலக்கங்கள் உலகமே பார்க்கும் பக்கத்தில் இருப்பது அவர்களுக்கு ஆபத்து என்பதால் நீக்கியதாகவும், எளிய திரை பற்றிய கூட்டம் எல்லோருக்கும் பொது, இணையம் வழியாகவும் சேரலாம் என்பதால் அங்கே வந்து பேசும்படியும் எழுதியிருந்தார். தாள்களில் இருப்பது என்ன, ஏன் அத்தனை பேர் ஒரே விஷயத்துக்குக் கையெழுத்திட்டார்கள் என்பது தமக்குப் புரியவில்லை என்றும் ஒரு வரி.

அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"எடுத்துப்புட்டாங்களா? ஏன், எழுத்துல பிழையா?"

"ஐடி நம்பர எல்லாரும் பாக்குற எடத்துல போட்டுட்டோம் அக்கா. நமக்கு நல்லதில்லன்னு மறைச்சிட்டாங்க."

"நம்பர் இல்லாட்டி கள்ளக் கையெழுத்துன்னு சொல்லுவாங்களே?"

"அவங்க அப்புடிச் சொல்ல மாட்டாங்க."

"அப்ப அங்க கையெழுத்துக்கே மதிப்பில்ல. இத்தன பேர்கிட்ட வாங்கிப்புட்டு நான் என்னான்னு சொல்லுறது?"

கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று அவர் சொன்னது உண்மை என்பதுதான் களைப்பைக் கூட்டியது. அங்கே எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எவரும் எண்ணுவதில்லை. எவர் செய்யப் போகிறார் என்பது மட்டுமே கேள்வி.

கூட்டம் ஒரு சனிக்கிழமை, எங்களுக்குப் பிற்பகல். என் மடிக்கணினியைத் திறந்தபோது அக்கா அதை மூடச் சொன்னார்.

"நம்ம பெட்டியிலேருந்தே பேசு. ஓடுதுன்னு அவங்களுக்குத் தெரியணும்ல."

ஜன்னலோரம் இருந்த கணினியைத் தேர்ந்தெடுத்தோம். கைத்தொலைபேசிக்கு அங்கேதான் சிக்னல் கிடைக்கும். வெளியே காற்று சவுக்கு மரங்களைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் போய்விடுமோ என்று நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணினி எழுந்து வரும்போதே அதன் விசிறி இரையத் தொடங்கியது.

திரையில் மண்டபம் வந்தது. சீராக இல்லை, விட்டுவிட்டு. மடிக்கணினிகளின் முதுகெல்லாம் ஒட்டுப்படங்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சம்மணமிட்டிருந்தார். முன்வரிசையில் நரைத்த தலையுடன் ஒரு பெண் கம்பளி நூலில் ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். பேச விரும்பியவருக்கு ஒலிவாங்கி பொருத்திய ஒரு பஞ்சுப் பெட்டியைத் தூக்கி எறிந்தார்கள்; அவர் பந்தைப்போலப் பிடித்துக்கொண்டு பேசினார். கூட்டத்தை நடத்தியவர் உயரமானவர், அரைக் காற்சட்டை அணிந்திருந்தார்.

"இவருதான் தலைவரா?" என்றார் அக்கா.

"தலைவர் இல்ல அக்கா. இன்னைக்குக் கூட்டத்த நடத்துறார்."

"கட்டக் களிசானப் பாத்தா தொர மாரித்தான் இருக்காரு."

எல்லோரும் எழுதக்கூடிய பொதுக் குறிப்புப் பக்கம் ஒன்று மண்டபத்துச் சுவரிலும் எங்கள் திரையின் ஓரத்திலும் தெரிந்தது. விவாதிக்கப்பட வேண்டியவை ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. எங்கள் முறை வந்தது. 'எளிய திரை: நீக்கம். பார்த்துக்கொள்பவர்: எவருமில்லை.' நடத்தியவர் அதை வாசித்துவிட்டு, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்.

நான் அந்தச் சமூகத்தில் அதுவரை எழுத்தால் மட்டுமே பேசியிருந்தேன். எழுதியதைத் திருத்தலாம் என்பது எனக்கு வசதி. ஒலிவாங்கியைத் திறந்தேன். தயார்செய்து வைத்திருந்த மூன்று வாக்கியங்களில் முதலாவதைச் சொல்லி முடிப்பதற்குள் நடத்தியவர் கையை உயர்த்தினார்.

"மன்னிக்கவும், உங்கள் பக்கத்தில் மழை பெய்கிறதா?"

"இல்லை. இது கணினியின் விசிறி."

மண்டபத்தில் சிரிப்பு. கேலிச் சிரிப்பாக இல்லை. ஆனாலும் முகம் சூடேறியது.

"இந்தக் கணினியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்," என்றேன். அது எந்தக் காலத்துக் கணினி, எவ்வளவு நினைவகம் உள்ளது என்று சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "அது இன்னும் ஓடுகிறதா?" என்று கேட்டது ஒலிவாங்கி இல்லாமலே காதில் விழுந்தது. எளிய திரையில் ஓடுகிறது, அதிலிருந்துதான் உங்களோடு பேசுகிறேன் என்றேன். பிறகு பிள்ளைகள், பரீட்சை, அறை. மூன்று வாக்கியங்கள் ஐந்தாறாகிவிட்டன.

பின்னிக்கொண்டிருந்த பெண் கையை நீட்டினார். பெட்டியை அவரிடம் எறிந்தார்கள்.

"அந்தப் பகுதியை முதலில் எழுதியவள் நான்தான்," என்றார். "பழுது வந்தால் இப்போதும் என்னால் சரிசெய்ய முடியும். ஆனால் என்னிடம் அப்படி ஒரு கணினி இல்லை. இந்த மண்டபத்தில் எவரிடமும் இருக்காது. எங்கே உடைகிறது என்று பார்க்க முடியாததை நான் எப்படிச் சரிசெய்வது? ஒவ்வொரு பதிப்பும் வெளிவருவதற்கு முன் உண்மையான பழைய கணினியில் ஓட்டிப்பார்த்து, என்ன உடைந்தது என்று எழுத வேண்டும். மற்றவர்களிடமிருந்து வரும் முறைப்பாடுகளைப் பிரித்துத் தர வேண்டும். அதற்கு ஆள் இருந்தால் நான் இருக்கிறேன்."

நடத்தியவர் மண்டபத்தைப் பார்த்தார். பிறகு, என்னைப் பார்க்கிறார் என்று நான் எண்ணும்படி, கமெராவைப் பார்த்தார்.

"என்னா சொல்றாங்க?" அக்கா என் தோளைத் தொட்டார். ஒலிவாங்கியை மூடிவிட்டுச் சொன்னேன்.

"அப்ப நம்ம மகஜருக்குப் பதிலு?"

"நம்மளயே செய்யச் சொல்றாங்க."

அக்கா ஒரு கணம் என்னையே பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது நல்ல ஞாயம். தண்ணி கேட்டுப் போனா பைப்ப கையில குடுக்குறாங்க." சிரிப்பு அடங்கியது. "ஒனக்கு ஏலுமா தங்கச்சி?"

ஏலாது என்பதுதான் உண்மையான விடை. இரண்டாம் இயல் சிவப்பு மையோடு பையில் கிடந்தது. வார இறுதிகளில் மூன்று பஸ் மாறி வந்து, வந்த களைப்பு தீருமுன் திரும்பிக்கொண்டிருந்தேன். மொழிபெயர்ப்பே முடியாமல் மிச்சம் இருந்தது. இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம்.

"எனக்கு அசதியா இருக்கு அக்கா," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் மறுக்கவில்லை, தேற்றவும் இல்லை. கொக்கியிலிருந்து தொங்கிய வயரைச் சரிசெய்வதுபோல் நிமிர்ந்து தொட்டுவிட்டுச் சொன்னார்: "அமுக்கிப் பாக்குறது நாங்க பாப்போம். இந்தப் புள்ளைங்க தொடாத பட்டன் ஒண்ணு இருக்கா? எங்க நிக்கிது, எங்க உடையுதுன்னு நான் எழுதி வைக்கிறேன். நீ அத அவங்க பாசைல எழுதிவிடு. அது மட்டும் ஏலுமா?"

திரையில் நடத்தியவர், அடுத்த விடயத்துக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒலிவாங்கியைத் திறந்து, "நான் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் கணினிகள் இருக்கின்றன," என்றேன். தன்மைப் பன்மைக்கு எப்போது மாறினேன் என்பது எனக்கே தெரியவில்லை.

அங்கே கைதட்டவில்லை, இரு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைத்தார்கள். அதுதான் அவர்களுடைய வழக்கமாம். குறிப்புப் பக்கத்தில் 'நீக்கம்' என்ற சொல் அழிந்தது. 'எவருமில்லை' என்ற இடத்தில் என் பெயர் எழுத்தெழுத்தாக வந்து நின்றது. முழுதும் எழுதி முடிவதற்குள் நடத்தியவர் அடுத்த விடயத்தை வாசிக்கத் தொடங்கிவிட்டார். எங்கள் தோட்டத்தில் ஒரு மகஜர் வென்றால் ஒரு வாரமாவது அதைப் பற்றிப் பேசுவார்கள்.

கூட்டம் முடிந்து குழுப் படம் எடுத்தார்கள். தூரத்திலிருந்து கலந்துகொண்டவர்களின் முகங்கள் தெரியும் மடிக்கணினி ஒன்றை நூல் பின்னிய பெண் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்காக நான் கமெராவைத் திறந்தேன். அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் வந்து நின்று, சிரிக்காமல் நேராகப் பார்த்தார், அடையாள அட்டைக்குப் படம் எடுப்பவரைப்போல. அந்தப் படம் பின்னர் வெளியானது. தலைகளுக்கு மேலே, கைவிரல் அளவில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். என் கண்கள் பாதி மூடியிருக்கின்றன.

அதற்குப் பிறகு முறைப்பாடுகள் எனக்கு வரத் தொடங்கின. பெயர் தெரியாத ஊர்களிலிருந்து, பழைய கணினியை விட மனமில்லாத எவரெவரோ எழுதினார்கள். சிலர் பணிவாக, சிலர் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு ஏமாற்றுவதைப்போல. விரிவுரைகளுக்கு இடையிலும் பஸ்ஸிலும் பதில் எழுதினேன். ஆய்வுக்கட்டுரைக்குத் தவணை கேட்டேன். தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஒருநாள் மாலை வந்து, பிள்ளைகள் கணினிகளைச் சுற்றி நிற்பதை வாசலிலிருந்தே பார்த்துவிட்டு, உரத்துக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்று தமக்குள் சொல்லியபடி போனதாக அக்கா சொன்னார். இப்போதைக்கு அறை இருக்கிறது.

அடுத்த பதிப்பின் சோதனை வடிவம் வந்த வாரம் ஊருக்குப் போனேன். முந்தின நாள் மழையில் பாதை சேறாகியிருந்ததால் சந்தியிலிருந்து நடந்து, கால்களைக் கழுவிவிட்டு அறைக்குள் நுழைந்தபோது, அக்கா கோடு போட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். மேலே, வழக்கமான அவருடைய வட்டமான எழுத்தில், 'மதிப்பிற்குரிய எளிய திரைப் பொறுப்பாளர் அவர்கட்கு' என்று இருந்தது. கீழே உடைந்தவை. பட்டியல் திறந்தால் மூட மறுக்கிறது. ஜன்னலோரக் கணினியில் கடிகாரம் தெரியவில்லை. தமிழ்த் தட்டெழுத்து இரண்டாவது முறை அழுத்தினால்தான் வருகிறது. இன்னும் ஐந்தாறு. அதன்பின் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருடைய கையெழுத்தும். இலக்கம் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள்.

'பிரதி: கட்டக் களிசான் தொர அவர்கட்கு.'

"நான் பொறுப்பாளர் ஒண்ணும் இல்ல அக்கா. அவங்க சும்மா பேரப் போட்டிருக்காங்க..." என்று தொடங்கினேன்.

"பேரு இருக்குல்ல? அப்ப ஒனக்குத்தான் குடுக்கணும்," என்றார் அவர். "சாயா ஊத்தவா?"

தாளை விசைப்பலகைக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, ஜன்னலோரக் கணினியைத் திறந்தேன். விசிறி இரைந்தது. கடிகாரம் இருக்க வேண்டிய மூலையில் உண்மையாகவே ஒன்றும் இல்லை. முதலில் அதை எழுதத் தொடங்கினேன்.